மூடியின் உள்பக்கம்

திங்கட்கிழமை காலை நெரிடா அலமாரியைத் திறந்தபோது, கண்ணாடி ஜாடிக்குள் இருந்த சிலிக்கா மணிகள் அத்தனையும் நிறம் மாறியிருந்தன. வெள்ளிக்கிழமை மாலை அவளே சூட்டடுப்பில் வைத்து ஈரம் போக்கி, நல்ல நீலமாக எடுத்துக் கொட்டியவை. ஜாடியின் விளிம்பில் கிரீஸ் தடவி மூடியை அழுத்தித் திருகியதும் அவள்தான். ஈரம் குடித்தால் மட்டுமே இளஞ்சிவப்பாகும் அந்த மணிகள் இப்போது வெளிறிய ஈறுகளைப் போல இருந்தன. அவற்றுக்கு மேலே, கம்பித் தட்டில், விரல் நீள எஃகுத் துண்டு. அதன் நுனியில் தண்ணீர் ஒரு சொட்டாகத் திரண்டு, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் அதைத் துடைத்துவிடவில்லை. துருவையும் அரிப்பையும் ஆராய்வதே பிழைப்பாகிப்போனவளுக்கு உலோகத்தின்மேல் ஈரத்தைக் கண்டால் கை தானாக வேலை செய்யும். சொட்டைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் விட்டாள். பால் திரிந்தது போல் வெண்மை படர்ந்தது. உப்பு. கடல் தண்ணீரில் இருக்கும் அளவுக்கு உப்பு.

"என்னை எதுக்குப் பாக்கறே?" என்றான் கோஸ்டா. ஆய்வகத்தின் கருவிகளையெல்லாம் கட்டி மேய்ப்பவன் அவன்தான். பம்பின் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடுவான். "ஞாயித்துக்கிழமை பொழுது போகாம வந்து இதுல எச்சில் துப்பிட்டுப் போனேன்னு நினைக்கிறியா?"

மூடி சரியாகப் பொருந்தியிருக்காது என்று அவனே சமாதானமும் சொன்னான். ஹோபார்ட்டில் ஜூன் மாதக் குளிர்காலத்தில் எதுதான் காய்ந்து கிடக்கிறது, தன் வீட்டுத் துண்டுகளே வாரக்கணக்கில் ஈரமாய்த் தொங்குவதாகச் சொல்லிவிட்டு ஜாடியை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தான். பிறகு திருப்பிக் கொடுத்தான். கிரீஸ் ஒரு விரிசல் இல்லாமல் ஒட்டியிருந்தது.

அந்த எஃகு 'ஐடா ரோஸ்' என்ற படகுடையது. அபலோன் சிப்பி எடுக்கப் போகும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அடிப்பகுதிகள் கொண்ட படகு. மே மாதக் கடைசியில் புரூனித் தீவுக்குத் தெற்கே ஒரு பெரிய அலை அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டது. படகில் இரண்டே பேர். படகின் சொந்தக்காரர் மொரிஸ் டாகெட், மேலே வந்துவிட்ட அடித்தளத்தின்மேல் ஏறி, இரவெல்லாம் குளிரில் கிடந்து, விடிந்தபின் ஹெலிகாப்டரில் தூக்கப்பட்டார். கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் ஈவன் பாஸ்கோவை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொன்னார். அதனால் எல்லோரும் கடற்பரப்பில் தேடினார்கள். சில நாட்கள் கழித்துப் படகு ஒரு பாறைக் கரையில் ஒதுங்கியபோது ஈவன் அதற்குள்ளேதான் இருந்தான்.

அப்படிப்பட்ட படகுகளின் அடித்தளத்தில் ஒரு வட்ட மூடி இருக்கும். படகு கவிழ்ந்தால் உள்ளே சிக்கியவர்கள் வெளியேறுவதற்காகவே வைப்பது. ஒரே தண்டு மூடியைத் துளைத்துப் போகும். உள்ளே ஒரு கைப்பிடி, வெளியே ஒரு கைப்பிடி. எந்தப் பக்கத்திலிருந்து திருப்பினாலும் திறக்க வேண்டும். திறக்கவில்லை. மரண விசாரணை அதிகாரி பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தண்டு துருவேறி இறுகிவிட்டதா?

எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வகக் கட்டடத்தின் நிலவறையில், ஜன்னல் இல்லாத அறையில் இருந்தது. பகலோ இரவோ, அங்கே எப்போதும் ஒரே இருட்டு. திரையின் சாம்பல் வெளிச்சமும், சுவரோரம் முனகும் பம்பும், சூடேறிய மின்கம்பிகளின் லேசான வாசனையும் மட்டும். நெரிடாவுக்கு அந்த அறை பிடிக்கும். மேலே மாணவர்கள், கூட்டங்கள், விண்ணப்பங்கள். இங்கே, ஊசிமுனை அளவு உலோகம் மலையும் பள்ளமுமாக விரியும்போது, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஜாடியிலிருந்த தண்டுத் துண்டில் பாதி தூரம் ஒரு விரிசல் ஓடியிருந்தது. அவள் அந்தத் துண்டைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, விரிசலின் வழியாகவே உடைத்து, உள்முகத்தை நுண்ணோக்கியின் அறைக்குள் வைத்தாள். சோறு வடிக்கும் பானை அளவே இருக்கும் அந்த எஃகு அறையை மூடி, காற்றை உறிஞ்சி வெளியேற்றினாள். திரையில் உருவம் தெளிந்தது. பிறகு கலைந்தது.

உருவத்தின் விளிம்பில் பற்கள். ரம்பத்தின் பற்கள் போல மூன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

அப்படிப் பற்கள் விழுந்தால் கருவி அதிர்கிறது என்று அர்த்தம். யாரோ கதவை அறைந்திருப்பார்கள், சாண்டி பே சாலையில் லாரி போயிருக்கும். நெரிடா காத்திருந்தாள். மூன்று. இடைவெளி. மூன்று. கோஸ்டாவைக் கூப்பிட்டாள். அவன் லிஃப்டை நிறுத்திவைத்தான், பம்பின் அடியில் கையை வைத்துப் பார்த்தான், அதிர்வைத் தாங்கும் மேசைக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தான். தரையில் அதிர்வே இல்லை என்று அளவுக் கருவி காட்டியது.

"கட்டடம் கம்முனு இருக்கு, நெரி. உன் மெஷினுக்குத்தான் நெஞ்சு படபடக்குது," என்றான். "பயந்தாங்கொள்ளி மாதிரி முழிக்காதே. பேயா இருந்தா ஆராய்ச்சி மாணவனா சேத்துக்கலாம். சம்பளம் கேக்காது."

அவள் சிரித்தாள். அவன் போனபின் மாதிரியை எடுத்துவிட்டு வேறொரு செம்புத் துண்டை வைத்துப் பார்த்தாள். உருவம் கண்ணாடி போல் அசையாமல் நின்றது. எஃகைத் திரும்ப வைத்தாள்.

மூன்று. இடைவெளி.

பற்களுக்கு நடுவே கிடைத்த நிதானத்தில் அவள் விரிசலின் முகத்தைப் படித்தாள். அலை வடிந்த மணலில் வரிகள் பதிந்திருப்பது போல, விரிசலில் வரிவரியாகக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு உலுக்கல். யாரோ உள்ளே இருந்து கைப்பிடியைப் பிடித்துத் தன் முழு பலத்தோடு இழுக்கும்போது விரிசல் ஒரு மயிரிழை முன்னேறும், நிற்கும். அடுத்த இழுப்பில் இன்னொரு மயிரிழை. அவள் எண்ணத் தொடங்கினாள். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டாள். முதலில் பதிந்த கோடுகளைக் கடல் உப்பு நன்றாகத் தின்று கறுப்பாக்கியிருந்தது. கடைசிக் கோடுகள் கிட்டத்தட்ட பளபளவென்றிருந்தன. முதலுக்கும் கடைசிக்கும் நடுவே பல மணி நேரம் ஓடியிருக்கிறது. கோடுகள் கடைசியில் நெருக்கமாகிக்கொண்டே போயின. இழுத்த கையில் பலம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

துருவா? மேலோட்டமான துரு மட்டும். தண்டு திரும்பாமல் நிற்க அது போதாது.

புதன்கிழமை ஈவனின் மனைவி ஆர்டிஸ் தொலைபேசியில் வந்தாள். ஆய்வாளரிடம் நேரடியாகப் பேசக் கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. முதலிலேயே அதற்கு மன்னிப்பும் கேட்டாள். அவளுடைய பேச்சில் அழுகை இல்லை. பின்னால் ஒரு கெட்டில் கொதித்து அணைந்தது.

"தலையில அடிபட்டு உடனே போயிட்டாருன்னு மொரிஸ் சொன்னாரு, டாக்டர். முதல்ல கடல்ல போயிட்டாருன்னு சொன்னாரு, அப்புறம் இப்படி. பரவால்ல, அவரும் அந்தக் குளிர்ல என்னத்தப் பாத்திருப்பாரு. உடனேதான் போனாரான்னு மட்டும் சொல்லுங்க. மத்தது எதுவும் எனக்கு வேணாம்."

அறிக்கை விசாரணை அதிகாரிக்குப் போகும், அவர் சொல்வார் என்று நெரிடா பதில் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள், தான் தயங்கிய அந்த ஒரு மூச்சை ஆர்டிஸ் கேட்டுவிட்டாள் என்று அவளுக்குப் புரிந்தது. பிறகு, சரிங்க டாக்டர் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அன்று மதியமே நெரிடா வெளிப்பக்கக் கைப்பிடியின் துண்டையும் தண்டின் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தாள். அதன் கழுத்தில் ஒரு தேய்மானம் இருந்தது. எக்ஸ்-கதிர் அளவீடு அங்கே துத்தநாகம் இருப்பதாகக் காட்டியது. கைப்பிடியில் துத்தநாகம் கிடையாது. துத்தநாகப் பூச்சு இருப்பது நங்கூரச் சங்கிலியில். சங்கிலியைக் கைப்பிடியில் சுற்றி, இழுத்து, இறுக்கி எதிலோ கட்டியிருக்கிறார்கள். உள்ளே இருந்து ஒவ்வொரு முறை உலுக்கும்போதும் அது அங்கே உரசியிருக்கிறது. கவிழ்ந்த படகின் மேல் இருந்தது ஒரே ஒரு ஆள்.

ஏன் என்று அவள் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கவிழ்ந்த படகு மூழ்காமல் மிதந்ததே உள்ளே அகப்பட்ட காற்றினால்தான். மூடியைத் திறந்தால் காற்று சீறிக்கொண்டு போய்விடும். காற்று போனால் படகு போகும். படகின் மேல் கிடப்பவனும் போவான்.

அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். அப்போதுதான் அது முதன்முதலாகக் காதில் விழுந்தது. பம்பின் முனகலுக்கு அடியில், துணி சுற்றிய சுத்தியலால் அடிப்பது போல, மெத்தென்று. திரையைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது, பற்கள் அதே கணத்தில்தான் விழுகின்றன. அறையில் டீசல் வாசனை. ஈர ரப்பர் உடையின் வாசனை. அவள் எழுந்து விளக்குகள் எல்லாவற்றையும் போட்டாள். சத்தம் நிற்கவில்லை. அது கருவியின் உள்ளேயிருந்து வந்தது; தூசி நுழையாத, காற்றே இல்லாத, ஒலி பிறக்கவே வழியில்லாத அந்தச் சின்ன எஃகு அறையிலிருந்து.

வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தாள். கோஸ்டாவிடம் சொன்னபோது அவன் இந்த முறை கேலி செய்யவில்லை. தானும் செவ்வாய்க்கிழமை கேட்டதாகச் சொன்னான். அதன்பின் கீழே போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறானாம். மாதிரியைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடு, உன் வேலை முடிந்துவிட்டது என்றான். எடுக்க வேண்டுமென்றால் கருவியின் அறையைத் திறக்க வேண்டுமே என்று அவள் சொன்னாள். இரண்டு பேரும் மாடியிலேயே தேநீர் குடித்துவிட்டு, விளக்கை அணைக்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

வியாழக்கிழமை அவள் அறிக்கையை முடித்தாள். துரு காரணமில்லை என்று எழுதினாள். சங்கிலியைப் பற்றி எழுதினாள், உள்ளிருந்து இழுத்த கையைப் பற்றியும் எழுதினாள். மாதிரியை எடுத்து உறையில் இடுவது மட்டும்தான் பாக்கி. மதியம் முழுவதும் தள்ளிப்போட்டாள். வெளியே மலையின் மேல் பனி இறங்கி, நாலரைக்கே தெருவிளக்குகள் எரிந்தன. இனியும் தாமதித்தால் கட்டடம் காலியாகிவிடும் என்ற பயத்தில்தான் கீழே இறங்கினாள்.

அவள் திரையின் முன் உட்கார்ந்து சில நிமிடங்கள்கூட ஆகியிருக்காது. கதவு திறந்தது. கோஸ்டா என்று நினைத்தாள்.

ஈர மழைச்சட்டையோடு பெரிய உடல்வாகுள்ள ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் சதை வற்றி, தோல் மட்டும் பழைய அளவுக்கே தொங்கியது. பத்திரிகையில் பார்த்த படத்திலிருந்து அவரை அடையாளம் காண அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மொரிஸ் டாகெட். மேலே கோஸ்டா கதவைத் திறந்துவிட்டதாகச் சொன்னார். கால்பந்து கிளப்பில் பழக்கமாம். எதற்கு வந்திருக்கிறார் என்று அவனிடம் சொல்லவில்லையாம்.

அவர் இங்கே வரவே கூடாது என்றாள் நெரிடா. பேச எதுவும் இல்லை, அறிக்கை முடிந்துவிட்டது என்றாள். அவர் கேட்டதாகவே தெரியவில்லை.

"துருதானே, டாக்டர்?" என்றார். "துருன்னு எழுதிடுங்க. படகைச் சரியாப் பாத்துக்கலன்னு என்னை உள்ள போடட்டும். நான் ஒத்துக்கறேன். துருன்னு மட்டும் எழுதிடுங்க."

அவள் வாயைத் திறப்பதற்குள் திரையில் பற்கள் விழுந்தன.

டாகெட் திரையைப் பார்க்கவில்லை. கருவியைப் பார்த்தார். அவருடைய தாடை மெல்ல அசைந்தது. அடுத்த மூன்று வருவதற்கு ஒரு கணம் முன்பே அது அசைந்ததை நெரிடா கண்டாள். தாடை அசைந்தது, தட்டல் வந்தது. தாடை அசைந்தது, தட்டல் வந்தது. பழகிய பாட்டுக்குத் தாளம் போடுபவரைப் போல, அந்த இடைவெளி எவ்வளவு என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

"இங்கயும் வந்துட்டானா," என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு, யாருக்கோ வழி சொல்வது போன்ற நிதானமான குரலில். முதலில் திறக்கத்தான் போனாராம். கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பியதும் காற்று சீறியதாம், படகு ஒரு முழம் இறங்கியதாம். மூடிவிட்டாராம். உள்ளே இருந்து அவன் திருப்பினானாம். அதற்காகத்தான் சங்கிலி. விடிந்ததும் அவிழ்த்துவிடலாம் என்றுதான் இருந்தாராம். மூடியின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாராம்.

"அவன் கத்தல, டாக்டர். ஒரு தடவகூட கத்தல. என் பேரைச் சொன்னான். தூங்கறவங்கள எழுப்புற மாதிரி மெதுவா. விடியறப்போ சத்தம் நின்னுபோச்சு. நான் நிம்மதின்னு நினைச்சேன்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் அவளுக்குப் பயம் குறைந்திருக்கும்.

நெரிடாவுக்குள் ஏதோ ஒன்று திடமாயிற்று. இதற்கு மேல் இதை மூடி வைத்திருக்கக் கூடாது. திறந்து, எடுத்து, உறையிலிட்டு, ஆர்டிஸுக்கு உண்மை போய்ச் சேர வேண்டும். அவள் காற்றை உள்ளே விடும் பொத்தானை அழுத்தினாள்.

காற்றுக்குப் பதில் அதில் நிரப்பும் நைட்ரஜன், சீறிக்கொண்டு கருவியின் அறைக்குள் நுழைந்தது. அந்தச் சீறலைக் கேட்டதும் டாகெட்டின் முகம் கோணிப்போனது.

"வேணாம். காத்து. காத்து போகுது."

பாய்ந்து வந்து கருவியின் கதவில் மார்பை வைத்து அழுத்திக்கொண்டார். விலகச் சொன்னாள். தோளைப் பிடித்து இழுத்தாள். பாறையைப் பிடித்து இழுப்பது போலிருந்தது. தட்டல் வேகமெடுத்தது. இடைவெளி போய்விட்டது. மூன்று மூன்றாக இல்லை இப்போது. ஒரே அடியாக. எல்லா இடத்திலும். பானை அளவு அறைக்குள் ஒரு ஆளின் முழங்கால், தோள், தலை. திரை வெறும் பற்களாயிற்று. பிறகு கறுத்தது.

வெற்றிடம் தீர்ந்தது. கதவு தன் பிடியைவிட்டது.

டாகெட்டின் மார்பை மீறி அது ஒரு விரற்கடை முன்னே வந்தது. அந்த இடுக்கின் வழியாகக் குளிர் அடித்தது. தெற்குக் கடலின் குளிர். கருவியின் ஆழம் ஒரு முழம்கூட இல்லை. இடுக்குக்கு அப்பால் இருந்த இருட்டுக்கு முடிவே இல்லை. அது ஏறி இறங்கியது. அதற்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள். விளிம்பில் ஏதோ வெளுப்பாக வந்து பற்றியது. ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. நகம் பிய்ந்து போன விரல்கள்.

திறக்க வேண்டும் என்று அவள் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. திற. திற. அதற்குள் உடம்பு தானாகப் பாய்ந்துவிட்டது. அவள் டாகெட்டின் பக்கத்தில் இருந்தாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். காலைத் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்து, தன் முழு எடையையும் போட்டுத் தள்ளினாள். விரல்கள் உள்ளே போயின. கதவு மூடிக்கொண்டது.

அமைதி.

அவளுடைய கன்னம் எஃகில் பதிந்திருந்தது. பக்கத்தில் டாகெட்டின் மூச்சு. பம்பு நின்றுவிட்டிருந்தது. மேலே எங்கேயோ கோஸ்டா யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. கூப்பிட்டால் வந்துவிடுவான். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட மூச்சை இழுத்தால் பிடி தளர்ந்துவிடும்.

கதவின் அந்தப் பக்கம், அவள் காதுக்கு நேராக, ஒரு குரல். களைத்த குரல். கோபமே இல்லாத குரல்.

"மொரிஸ். கனம் கூடியிருக்கே. உன்கூட யாரு?"

டாகெட் கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரா இருந்தாலும் சரி. கொஞ்சம் திறங்க."

நெரிடா காலை இன்னும் நன்றாக ஊன்றிக்கொண்டாள்.